செம்புக்குச் சட்டை தைத்த கைகள்

சுவரிலே விசை. விரலால் தட்டுகிறோம், விளக்கு எரிகிறது, விசிறி சுழல்கிறது. சுவருக்குள்ளே குழாய், குழாய்க்குள்ளே ஒயர், ஒயருக்குள்ளே செம்பு. செம்பின் மேலே சிவப்பிலோ பச்சையிலோ கறுப்பிலோ ஒரு மெல்லிய தோல். அந்தத் தோல் இல்லாவிட்டால்? விளக்கு எரியாது, வீடு எரியும்!

மின்சாரத்தின் கதையைக் கேட்டால் பள்ளிப் பிள்ளை பாரடே என்பான், எடிசன் என்பான். நல்ல விடைதான். அந்தச் செம்புக்குச் சட்டை தைத்தது யார் என்று கேளுங்கள். பிள்ளை விழிப்பான், பாடம் சொல்லித்தந்த ஆசிரியரும் விழிப்பார். ஏட்டிலே அவர்கள் பெயர் ஏறவில்லை.

அவர்களிலே ஒரு கூட்டத்தாரின் கதையை இன்று சொல்ல எண்ணுகிறேன். இலண்டன் மாநகரின் கிழக்குக் கோடியில், தேம்சு ஆற்றங்கரையில், 1889-ம் ஆண்டு நடந்த கதை. வெற்றிக் கதை என்று எண்ணி வந்தீர்களானால், தோழர்களே, ஏமாந்து போவீர்கள். தோற்ற கதை இது! வென்ற போராட்டங்களை மேடைதோறும் முழங்குகிறோம். தோற்றது ஏன் தோற்றது என்று உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது குறைவு. அந்தக் கணக்கைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் தொழிலைத் தெரிந்துகொள்வோம். தொழில் தெரியாமல் தொழிலாளியின் கதை விளங்காது.

ஒயர் செய்யும் ஆலைக்குச் செம்பு வந்து சேருவது பெரும் பெரும் சுருள்களாக. 8 மில்லிமீட்டர் குறுக்களவு, நூற்றுக்கு 99.9 பங்குக்கு மேல் தூய செம்பு. அழுக்கு கொஞ்சம் ஏறினாலும் மின்சாரத்தின் ஓட்டம் தடைப்படும். அந்தக் கம்பியை 'டை' எனப்படும் கெட்டித் துளைகளின் வழியே இழுக்கிறார்கள். ஒவ்வொரு துளையும் முந்தியதைவிடச் சிறியது. இழுக்க இழுக்கக் கம்பி மெலிகிறது, நீள்கிறது, கூடவே விறைத்தும் போகிறது. விறைத்த கம்பியைச் சூடுகாட்டி மறுபடியும் இளக்குகிறார்கள். நம்மூர்ப் பொற்கொல்லர் கம்பியச்சில் பொன்னை இழுத்து, காய்ச்சி, மறுபடியும் இழுக்கிறாரே, அதே வேலைதான். அவர் முழத்தில் செய்வதை ஆலை மைல் கணக்கில் செய்கிறது. மெல்லிய இழைகள் பலவற்றைச் சேர்த்து முறுக்கினால், வளைத்த பக்கம் வளையும் கம்பி தயார்.

இனிப் போர்வை. இடியாப்ப நாழியை நினைத்துக்கொள்ளுங்கள். மாவு பிதுங்கி வரும் துளையின் நடுவே ஒரு நூல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். மாவு அந்த நூலைச் சுற்றி ஒட்டிக்கொண்டல்லவா வெளிவரும்? அதுதான் எக்ஸ்ட்ரூடர். மாவுக்குப் பதில் பிவிசிக் குருணை, நூலுக்குப் பதில் செம்பு. குருணை சூட்டில் இளகி, திருகு தள்ளத் தள்ள, ஓடும் செம்பைப் போர்த்திக்கொண்டு வருகிறது. வந்ததும் நீண்ட தண்ணீர்த் தொட்டியில் முழுகி ஆறுகிறது. பிறகு சோதனை: ஆயிரக்கணக்கான வோல்ட் அழுத்தம் ஏற்றிய சங்கிலித் திரையின் ஊடே ஒயர் ஓட வேண்டும். ஊசி முனை அளவு ஓட்டை இருந்தால் போதும். பொறி பறக்கும், மணி அலறும்.

செம்பு சரியாக நடுவிலே நிற்க வேண்டும், அதிலேதான் சூட்சுமம். ஒரு புறம் போர்வை தடித்து மறுபுறம் மெலிந்தால், மெலிந்த புறத்திலே என்றைக்காவது மின்சாரம் வெளியே எட்டிப் பார்க்கும். செம்பு விலை ஏறும்போதெல்லாம் கம்பியைச் சன்னமாக்கி, போர்வையை மட்டும் தடித்துக் காட்டி விற்கும் புண்ணியவான்களும் உண்டு. அவர்கள் கதையை இன்னொரு நாள் பேசுவோம்.

இந்த இயந்திரம் பிவிசிக்காகப் பிறந்தது என்று எண்ணிவிடாதீர்கள். இதன் பாட்டன் பிறந்தது 180 ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு காட்டு மரத்தின் பாலுக்காக!

தந்தி வந்த புதிது. தரையிலே கம்பம் நட்டு, பீங்கான் கிண்ணத்தில் கம்பியைக் கட்டிவிட்டால் செய்தி ஓடியது. ஆற்றைக் கடக்க வேண்டும், கடலைக் கடக்க வேண்டும் என்றபோதுதான் சிக்கல். தண்ணீரில் வெறுங்கம்பியைப் போட்டால் மின்சாரம் கசிந்து கரைந்துவிடும். தாரும் நூலும் சுற்றிப் பார்த்தார்கள், ரப்பரைப் பூசிப் பார்த்தார்கள், நீடிக்கவில்லை. அப்போது, 1843-ல், சிங்கப்பூரிலிருந்த கும்பினி மருத்துவர் மாண்ட்கோமரி ஒரு பிசினின் மாதிரியை இலண்டனுக்கு அனுப்பினார். மலாய்க்காரர்கள் கத்திப் பிடிக்கும் சாட்டைப் பிடிக்கும் பயன்படுத்திவந்த பொருள் அது. பெயர் கட்டாபெர்ச்சா. வெந்நீரில் போட்டால் களிமண்போல் இளகும். ஆறினால் தோல்போல் இறுகும். கடலடியின் குளிரும் அழுத்தமும் அதற்கு இன்னும் உரமேற்றும். மின்சாரத்தைக் கசியவிடாது என்பதைப் பாரடே 1848-ல் எடுத்துச் சொன்னார். அதற்கு முந்தைய ஆண்டே செர்மனியில் வெர்னர் சீமன்சு அதைக் கம்பியின் மேல் தையல் தெரியாமல் போர்த்தும் இயந்திரத்தைச் செய்துவிட்டார். நாம் பார்த்த இடியாப்ப நாழிதான்!

1850-ல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே அப்படிப் போர்த்திய கம்பியைப் போட்டார்கள். உடனே அறுந்துபோயிற்று. மறு ஆண்டு அதன் மேலே இரும்புக் கம்பிகளால் கவசம் கட்டிப் போட்டார்கள்; நிலைத்தது. அதன்பின் கேட்க வேண்டுமா? ஏகாதிபத்தியத்துக்குக் காது முளைத்தது, வாய் முளைத்தது. எங்கே கலகம், எங்கே பருத்தி விலை, எங்கே கப்பல் என்பதையெல்லாம் இலண்டன் உட்கார்ந்த இடத்திலே கேட்கத் தொடங்கிற்று.

மரம் என்ன ஆயிற்று? ரப்பர் மரத்தைப்போல் கீறிப் பால் வடிக்க இந்த மரம் இடங்கொடுப்பதில்லை. பால் வெளிவந்தவுடனே உறைந்துவிடும். ஆகவே முழு மரத்தையும் வெட்டிச் சாய்த்து, பட்டையில் வளையம் வளையமாகக் கீறி, கசிந்ததைச் சுரண்டி எடுத்தார்கள். வானளாவிய ஒரு மரத்துக்குக் கிடைத்தது ஒரு கைப்பிடி உருண்டை! மலேயாவிலும் சுமத்ராவிலும் போர்னியோவிலும் இலட்சோபலட்சம் மரங்கள் சாய்ந்தன. வெட்டியவன் காட்டுவாசி, கிடைத்தது சொற்பக் காசு.

நம் மதராசுக்கும் இதிலே உறவு உண்டு. 1870-71-ல் மதராசிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்தி போட்டார்கள். எந்தக் காட்டிலே மரத்தை வெட்டினார்களோ அந்தக் காட்டின் வாசலுக்கே, அதே மரத்தின் பாலைப் போர்த்திக்கொண்டு கம்பி திரும்பி வந்தது. பின்னாளில் வீட்டு ஒயருக்கு ரப்பர் போர்த்தும் காலம் வந்தபோது, மலேயாத் தோட்டங்களிலே அந்த ரப்பர்ப் பாலை வெட்டிய கைகளில் ஏராளம் நம்மவர் கைகள் அல்லவா?

காட்டிலிருந்து கப்பலேறிய உருண்டைகள் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்றுதான் நம் கதை நடக்கும் ஊர். சில்வர் என்ற முதலாளி 1852-ல் தேம்சின் வடகரைச் சதுப்பு நிலத்தில் மழைக்கோட்டு செய்யும் ஆலையை வைத்தார். ஆலையைச் சுற்றி ஊர் வந்தது. ஊருக்கும் முதலாளியின் பெயரே: சில்வர்டவுன்! 1864-ல் அது 'இந்தியா ரப்பர், கட்டாபெர்ச்சா, தந்தி வேலைகள் கம்பெனி'யாக வளர்ந்தது. சொந்தக் கப்பல்கள். கரீபியன் தீவுகள், தென் அமெரிக்காவின் மேற்குக் கரை, மேற்கு ஆப்பிரிக்கக் கரை என்று அந்த ஆலையின் கம்பி கடலடியிலே நீண்டது.

உள்ளே வேலை எப்படி? வந்த உருண்டைகளில் பட்டையும் மண்ணும் கல்லும் கலந்திருக்கும். சீவி, வெந்நீரில் ஊறவைத்து, பல் உருளைகளிலே அரைத்து, கம்பி வலையின் வழியே அழுத்தி வடிகட்டி, மறுபடியும் பிசைய வேண்டும். நாளெல்லாம் ஆவியும் சூடும் நாற்றமும். பிறகு போர்த்தும் இயந்திரம். ஒரு போர்வையோடு முடியாது. பசைப் பூச்சு, அதன் மேல் இன்னொரு போர்வை, மறுபடியும் பசை, மறுபடியும் போர்வை. ஒரு போர்வையில் குமிழி இருந்தாலும் அடுத்த போர்வை அதை மூடிவிடும் என்பது ஏற்பாடு.

ஏன் இவ்வளவு எச்சரிக்கை? அடிபட்ட அனுபவம்! 1858-ல் அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் போட்ட முதல் கம்பியிலே விக்டோரியா மகாராணியார் அமெரிக்கக் குடியரசுத் தலைவருக்கு 98 சொற்களில் வாழ்த்து அனுப்பினார். போய்ச் சேர 16 மணி நேரம் பிடித்தது. செய்யும்போதே செம்பு நடுவிலிருந்து விலகியிருந்த இடங்கள் உண்டு; வெயிலில் கிடந்து போர்வை இளகிய இடங்களும் உண்டு. போதாக்குறைக்கு மின்பொறுப்பு வகித்த ஒயிட்ஹவுஸ் என்பவர் - தொழிலால் வைத்தியர் அவர்! - ஏறத்தாழ 2,000 வோல்ட் ஏற்றித் தட்டிப் பார்த்தார். மூன்றே வாரங்களில் கம்பி ஊமையாயிற்று. எட்டு ஆண்டுகள் கழித்து, 1866-லேதான் நிலையான கம்பி அமைந்தது. அதனால்தான் பின்னாளில் ஒவ்வொரு சுருளையும் 75 பாரன்கீட் பாகைத் தண்ணீரில் 24 மணி நேரம் ஊறவைத்துச் சோதித்தார்கள். கடலடியிலே இரண்டாயிரம் பாகம் ஆழத்தில் போய்க் கிடக்கப் போகிற பொருள். பிழை தெரிந்தால் எடுத்துத் திருத்துவது இலேசா?

தேர்ந்த சுருளின் மேல் சணல் நூல் சுற்றி, இரும்புக் கவசம் கட்டி, தார் பூசி, தண்ணீர்த் தொட்டிகளில் சுருட்டிவைத்துக் கப்பலேற்றுவார்கள். மூட்டை தூக்குவோர், அரைப்போர், சுற்றுவோர், தார் பூசுவோர், சணல் சுற்றும் பெண்கள், இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பிட்டர், டர்னர் எனச் சுமார் மூவாயிரம் பேர் அந்த ஆலையிலே.

மூவாயிரம் பேர் என்கிறேன். உண்மையில் அவர்கள் இரண்டு சாதி! நம் நாட்டுச் சாதியைச் சொல்லவில்லை. ஒரு பக்கம் தொழில் கற்ற பிட்டரும் டர்னரும். அவர்களுக்கு 1851-லேயே அமைந்த கட்டுக்கோப்பான சங்கம், ஒருங்கிணைந்த எஞ்சினியர்கள் சங்கம். நோய்க்கு உதவி, வேலையில்லாக் காலத்துக்கு உதவி, நிதி, நாணயம், செல்வாக்கு எல்லாம் உண்டு. மறு பக்கம் 'கையாள்' என்று அழைக்கப்பட்டவர்கள். சங்கமும் இல்லை, சேமிப்பும் இல்லை. இன்று வேலை, நாளை வாசற்படி.

1888-ல் கிழக்கு இலண்டனிலே தீப்பெட்டி ஆலைப் பெண்கள் வெளியே வந்தார்கள், வென்றார்கள். 1889 மார்ச்சில் பெக்டன் எரிவாயு ஆலையில் நிலக்கரி அள்ளிப்போட்ட வில் தார்ன், கூலித் தொழிலாளருக்கென்று ஒரு சங்கம் கண்டார். 12 மணி நேர வேலை 8 மணி நேரமாயிற்று, ஒரு நாள்கூட வேலைநிறுத்தம் செய்யாமல்! ஆகஸ்டில் துறைமுகம் நின்றது. மணிக்கு 6 பென்னி கூலி என்பதுதான் கோரிக்கை. பட்டினி நெருங்கிய வேளையில் ஆஸ்திரேலியத் தொழிலாளரும் பொதுமக்களும் 30,000 பவுன் அனுப்பி உயிர் கொடுத்தார்கள். செப்டம்பர் நடுவிலே துறைமுகத் தோழர்கள் வென்றார்கள்.

அந்தக் காற்று சில்வர்டவுனுக்கு வீசாமலிருக்குமா? அதே செப்டம்பரில் கூலி உயர்வு கேட்டு ஆலைத் தொழிலாளர் வெளியேறினார்கள். ஆணும் பெண்ணுமாக ஆலை வாசலை அடைத்து நின்றார்கள். கேட்டது சில பென்னி. கம்பெனியால் கொடுக்க முடியாததா? கொடுத்திருக்கலாம்! ஆனால் துறைமுக வெற்றியைக் கண்டு கலங்கியிருந்த முதலாளிகள், இந்தப் புதுச் சங்கங்களை எங்கேயாவது ஓரிடத்தில் மண்ணைக் கவ்வவைத்தாக வேண்டும் என்று காத்திருந்தார்கள். அந்த ஓரிடம் சில்வர்டவுன் ஆயிற்று.

அங்கே வந்து சேர்ந்தார் ஒரு பெண்மணி. வயது 34. கார்ல் மார்க்சின் இளைய மகள் எலினார். அப்பன் பெயரைச் சொல்லி மாலை வாங்கிப் போக வந்தவர் என்று நினைக்காதீர்கள். நாள் தவறாமல் வந்தார்; வண்டியின் மேல் ஏறிப் பேசினார்; கணக்கு எழுதினார்; கடிதம் எழுதினார். பெயர் எழுதவும் தடுமாறிய வில் தார்னுக்கு எழுத்துப் பழக உதவியவரும் அவர்தான். அக்டோபரில், சில்வர்டவுனிலே, எரிவாயுத் தொழிலாளர் சங்கத்தின் முதல் பெண்கள் கிளையை அமைத்து, அதன் செயலாளர் பொறுப்பையும் ஏற்றார். சணல் சுற்றிய பெண்கள் சங்கச் சீட்டு வாங்கினார்கள்!

வாரங்கள் உருண்டன. ஒன்று, இரண்டு, ஐந்து, எட்டு. குளிர் இறங்கிற்று. அடுப்பு அணைந்தது, அடகுக் கடையிலே போர்வை போயிற்று. காவலர் துணையோடு கருங்காலிகள் உள்ளே நுழைக்கப்பட்டனர். துறைமுகத்துக்கு வந்ததுபோல் கடல் கடந்து பணம் வரவில்லை. இருந்தும் நின்றார்கள்.

இனித்தான், தோழர்களே, கணக்கு. கருங்காலிகளை வைத்து ஓர் ஆலையை ஓட்ட முடியுமா? மூட்டை தூக்கலாம், தார் பூசலாம். போர்த்தும் இயந்திரம் மக்கர் செய்தால்? நீராவி எஞ்சின் நின்றால்? அதற்குப் பிட்டர் வேண்டும், டர்னர் வேண்டும். அவர்கள் மட்டும் கருவியைக் கீழே வைத்திருந்தால், ஆலை அன்றைக்கே ஊமையாகியிருக்கும். 1858-ன் அட்லாண்டிக் கம்பியைப்போல!

அவர்கள் வைக்கவில்லை. ஒருங்கிணைந்த எஞ்சினியர்கள் சங்கம் தன் உறுப்பினரை வெளியே வரச் சொல்லவில்லை. வாசலில் நின்ற கூட்டத்தைத் தாண்டி, அவர்கள் காலையில் உள்ளே போனார்கள், மாலையில் வெளியே வந்தார்கள். கெட்டவர்களா அவர்கள்? அப்படி எழுதிவிட்டுப் போவது எளிது. சொந்தச் சங்கத்துக்குச் சந்தா ஒழுங்காகக் கட்டியவர்கள், சொந்தப் பூசலில் சளைக்காதவர்கள். கூலியாளின் பூசல் தங்கள் பூசல் அல்ல என்று எண்ணினார்கள், அவ்வளவுதான். செம்புக்கும் கடலுக்கும் நடுவே கசிவில்லாத போர்வை போட்ட அதே ஆலையிலே, தொழிலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவே கசிவில்லாத போர்வை! அது முதலாளி பைசாச் செலவில்லாமல் பெற்றது.

இன்று நம் பக்கத்து ஆலைகளில் எத்தனை வண்ணச் சட்டைகள்! நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு நிறம், ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒரு நிறம், பயிற்சியாளன் என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்பவனுக்கு இன்னொரு நிறம். ஒரே எக்ஸ்ட்ரூடரின் இரண்டு முனையிலும் நிற்கிறார்கள்: ஒருவன் குருணை கொட்டுகிறான், ஒருவன் சுருளை மாற்றுகிறான். கேன்டீனில் ஒரே மேசையில் உட்காருவதில்லை. போனஸ் பேச்சு நடக்கும்போது சங்க அறையிலே ஒப்பந்தத் தொழிலாளியின் கணக்கு எத்தனையாவது கோரிக்கையாக வருகிறது? படிப்பவர்கள் தங்கள் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலை எடுத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

சில்வர்டவுன் ஏறத்தாழ 12 வாரம் தாங்கிற்று. டிசம்பரில் பசி வென்றது. தலை குனிந்து ஆலைக்குத் திரும்பினார்கள். முன்னின்றவர்கள் பலருக்குக் கதவு திறக்கவில்லை. முதலாளிகளின் முகாமிலே உற்சாகம். அதே குளிர்காலத்தில் தெற்கு இலண்டன் எரிவாயுத் தொழிலாளரும் போராடி, 1890 பிப்ரவரியில் தோற்றார்கள்.

எல்லாம் வீணா? 1892-ல் சில்வர்டவுனை உள்ளடக்கிய தெற்கு வெஸ்ட் ஹாம் தொகுதி, சுரங்கத் தொழிலாளி கீர் ஹார்டியைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிற்று. 1906-ல் அதே தொகுதியிலிருந்து வில் தார்ன் போனார். அவர் தொடங்கிய சங்கத்தின் வழிவந்ததுதான் இன்று பிரிட்டனின் பெரிய சங்கங்களில் ஒன்றாகிய ஜிஎம்பி. கட்டாபெர்ச்சாவின் காலமோ முடிந்துபோயிற்று: 1933-ல் பிறந்த பாலித்தீன் அதன் இடத்தைப் பிடித்தது, 1956-ல் அட்லாண்டிக்கைக் கடந்த முதல் தொலைபேசிக் கம்பி போர்த்திக்கொண்டது பாலித்தீனைத்தான்.

உள்ளே போய் வேலை செய்த எஞ்சினியர்கள்? அவர்கள் கதை 1897-ல் வருகிறது. எட்டு மணி நேர வேலை கேட்டார்கள். அந்த ஜூலையில் முதலாளிகள் கதவைச் சாத்தினார்கள். புதுப்புது இயந்திரங்கள் வந்திருந்தன. அவற்றை ஓட்டத் தொழில் கற்றவன்தான் வேண்டும் என்பதில்லை, கையாளே போதும் என்பது முதலாளிகளின் வாதம். சங்கப் பெட்டியில் இருந்த பணம் கரைந்தது. 1898 சனவரியில், ஆறு மாதங்களுக்குப் பின், எட்டு மணி நேரம் கிடைக்காமலே திரும்பினார்கள்.

அந்தச் சங்கத்தின் வாரிசு 1926-ல்தான் எல்லாப் படித்தர ஆண்களுக்கும் கதவைத் திறந்தது. பெண்களுக்குத் திறந்தது 1943 சனவரியில். எலினார் சில்வர்டவுனில் பெண்கள் கிளையை அமைத்து 53 ஆண்டுகள் ஆன பிறகு.